சூடு தெரியாத இடம்

எழில்மதியின் இயன்முறை மருத்துவ நிலையம் நெய்வேலி நகரியத்தை ஒட்டிய இந்திரா நகரில், மருந்துக் கடை ஒன்றுக்கும் தையற்கடை ஒன்றுக்கும் நடுவே இருந்தது. வருவோர் எவரும் அதனை அப்பெயரால் அழைத்ததில்லை. ‘கரண்டு வைக்கிற எடம்’ என்பதே வழக்கு. வலிக்கும் இடத்தில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிறு பெட்டி ஒன்று அங்கே இருந்தது. நோயாளிகள் நம்பியது அந்தப் பெட்டியைத்தான். எழில்மதி கற்பித்த பயிற்சிகளைப் பெட்டியிடம் செல்வதற்கான நுழைவுச்சீட்டாக எண்ணிப் பொறுத்துக்கொண்டனர்.

பதினாறு ஆண்டுகளில் அவள் கண்ட முதுகுகளுள் பாதிக்கு மேற்பட்டவை சுரங்கத்தைச் சார்ந்தவை. டிப்பர் ஓட்டுவோர், மண்வாரி இயந்திரம் இயக்குவோர், கன்வேயர் பட்டையின் அடியில் குனிந்து நிலக்கரி அள்ளுவோர் எனப் பலரும் ஒரே விதமாக இடுப்பில் கையூன்றிக்கொண்டே உள்ளே வருவர். ‘மைன்ஸ் முதுகு’ என்று அவர்களே தம் நோய்க்குப் பெயரும் சூட்டியிருந்தனர். பெயர் கிடைத்துவிட்ட நோயை மீண்டும் ஆராயும் வழக்கம் எவ்வூரிலும் இல்லை.

விஜயராஜ் அங்கு முதன்முதலாக வந்தது ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். முப்பத்தெட்டு வயது, பண்ருட்டிப் பக்கத்துச் சிற்றூர், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பதினோரு ஆண்டுகளாக டிப்பர் ஓட்டுநர். உடன் வந்த அவன் மனைவி செந்தாமரை முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை செய்பவள். அவளுடைய விரல் நுனிகள் கொட்டைப் பாலால் கருத்திருந்தன.

“எத்தனை நாளா வலி?” என்று எழில்மதி கேட்டாள்.

“முதுகு எப்பவும் இருக்கறதுதாங்க. வலது காலுல எறங்கினது இப்ப ஒரு வாரமா. குந்தினா எழ முடியல, எழுந்தா குந்த முடியல.”

“ஒரு வாரமா? பத்து நாளு,” என்றாள் செந்தாமரை.

“நீ சும்மா இரு. சனிக்கிழம மெடிக்கலுங்க. பதினோரு வருசமா கான்ட்ராக்ட்ல ஓட்டிகினு இருக்கேன். இப்பத்தான் பெர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வந்திருக்குது. அன்னிக்கி ஒரு நாளு நேரா நின்னு, குனிஞ்சு, நிமுந்துட்டாப் போதும். அப்பறம் முதுகு இன்னா ஆனாலும் பரவால்ல.”

“அப்புறம் என்ன ஆனாலும் எங்கிட்டதான் வரப்போறீங்க,” என்று சொல்லிவிட்டு எழில்மதி படிவத்தை எடுத்தாள்.

அப்படிவம் அவளே அச்சிட்டது. முதுகுவலி என்று வருவோருள் மிகச் சிலருக்கு அஃது எலும்பில் பரவிய புற்றாகவோ, காசநோயாகவோ, நரம்பின் நெருக்கடியாகவோ இருக்கக்கூடும். அத்தகையோரைக் கரண்டு வைத்து அனுப்பிவிடலாகாது என்பதற்காகச் சில வினாக்கள் அதில் இருந்தன. காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் படுத்தால் வலி கூடுகிறதா என ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

“ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா?”

விஜயராஜ் மனைவியைப் பார்த்தான். பின்னர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தான். பெண்ணொருத்தி ஆணிடம் கேட்கும் கேள்வியாக அஃது அவனுக்குத் தோன்றவில்லை.

“அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லீங்க.”

எழில்மதி ‘இல்லை’ என்பதற்கு நேரே கோடிட்டாள். ஊசி முனையால் இடுப்பில் உணர்ச்சியைச் சோதித்தாள், சரியாக இருந்தது. கால் விரலை மடக்கி நிமிர்த்தச் சொன்னாள், வலியோடு செய்தான். அதன் பின் அவனைப் பெட்டியிடம் ஒப்படைத்தாள்.

புதன்கிழமை விஜயராஜ் முகம் மலர்ந்து வந்தான். காலில் வலி பாதியாகக் குறைந்திருந்தது. செந்தாமரை ஒரு தூக்குச் சட்டி நிறையப் பலாச்சுளை கொண்டுவந்து, நிலையத்தின் உதவியாளரான தாஜ் பீவியிடம் நீட்டினாள். தாஜ் பீவிக்கு ஐம்பத்திரண்டு வயது. நோயாளிகளை உரத்த குரலில் அழைத்துப் படுக்கையிற் கிடத்துவது, வெந்நீர்த் தொட்டியில் ஊறும் சூட்டுப் பைகளைத் துண்டில் சுற்றி வைப்பது ஆகியன அவருடைய பணிகள்.

“எனக்கா, பொட்டிக்கா?” என்றார் தாஜ் பீவி.

“ரெண்டு பேருக்குந்தான் பீவிக்கா. பொட்டிக்கு வாயி இல்ல, அதுக்கும் சேத்து நீங்களே துன்னுடுங்க.”

வியாழக்கிழமை காலை, இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தபோது, காலில் வலி அறவே இல்லை என்றான் விஜயராஜ். அன்று எழில்மதியும் மகிழ்ந்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. நான்கு நாளில் வலி நீங்கினால் யார்தாம் ஐயுறுவர்?

ஒரே ஒரு குறையைச் செந்தாமரை சொன்னாள். “முதுவுக்குப் போட்டுக்கச் சொல்லி நீங்க குடுத்தீங்களே, அந்த இடுப்பு பெல்ட்டு. திங்கக்கெழம சரியா இருந்துச்சு. இன்னிக்கி முன்னால எட்டவே மாட்டேங்குது.”

“பெர்மனென்ட் ஆவறதுக்கு முன்னாலயே தொப்பையா? நல்லா சாப்புடு ராசா,” என்று தாஜ் பீவி அவன் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார். விஜயராஜும் சிரித்தான். மல்லாந்து படுத்தவனின் இடுப்புக்கடியில் சூட்டுப் பையை வைத்துத் திரையை இழுத்துவிட்டார்.

கால் மணி நேரங்கழித்துப் பையை எடுக்கச் சென்ற தாஜ் பீவி திரைக்குள்ளிருந்து, “யா அல்லா! எழிலு, இங்க வா!” என்று கூவினார்.

பை இடுப்பில் இல்லை. நழுவிக் கீழே இறங்கி, சுற்றியிருந்த துண்டும் விலகி, அவனுடைய பிட்டத்துக்கும் தொடைக்கும் நடுவே வெறுமனே கிடந்தது. காலைத் தூக்கிப் பார்த்தபோது, கைலிக்கு வெளியே தெரிந்த தொடையின் பின்புறம் செம்பருத்திபோல் சிவந்து, ஓரத்தில் ஒரு கொப்புளமும் எழுந்திருந்தது. விஜயராஜ் அரைத் தூக்கத்தில் இருந்தான்.

“சூடு தெரியலியா உனக்கு? கூப்புட வேணாமா?” என்று தாஜ் பீவி பதறினார்.

“இன்னா சூடு?” என்றான் விஜயராஜ்.

எழில்மதி பையைத் தொட்டுப் பார்த்தாள். அவளால் ஐந்து நொடிக்கு மேல் கை வைக்க இயலவில்லை. மேசையிலிருந்து சிறிது பஞ்சும் ஊசியும் எடுத்துக்கொண்டு, செந்தாமரையையும் திரைக்குள் அழைத்தாள்.

“ஒருக்களிச்சுப் படுங்க. கண்ணை மூடிக்குங்க. பஞ்சு வைச்சுத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சா ‘ஆமா’ன்னு சொல்லணும்.”

இடுப்பில் தொட்டாள். “ஆமா.” முழங்காலுக்குப் பின்னே தொட்டாள். “ஆமா... மாதிரி இருக்குது.” அதன்பின், நாற்காலியில் அமரும்போது எந்தப் பகுதி நாற்காலியிற் படியுமோ அந்தப் பகுதியெங்கும், வலப்புறமும் இடப்புறமுமாக ஏழெட்டு இடங்களில் தொட்டாள், ஊசி முனையாலும் தொட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. செந்தாமரை கணவனையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சற்று நேரம் சென்றது. “எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்று விஜயராஜ் கேட்டான்.

எழில்மதி ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“இங்க மரத்துப் போய் எத்தனை நாளாச்சு?”

“அது சீட்டு மரப்புங்க. டிப்பர் ஓட்டறவன் எல்லாருக்கும் இருக்கும். எறங்கினதும் ரெண்டு தட்டு தட்டிவுட்டா சரியாப் பூடும்.”

“இப்ப தட்டினா சரியாகுதா?”

அவன் கையைப் பின்னே கொண்டுபோய் இருமுறை தட்டிப் பார்த்தான்.

“கடைசியா ஒண்ணுக்கு எப்பப் போனீங்க?”

இம்முறை அவன் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. உண்மையாகவே நினைவுகூர முயன்றான். “நேத்து சாயங்காலம். டூட்டிக்குக் கெளம்பறப்ப.”

“அப்புறம் தண்ணி குடிச்சீங்களா?”

“ரெண்டு பெரிய பாட்டிலு. வூட்டுக்கு வந்து மோரு. இவதான் வெயிலுக்குக் குடி குடின்னு உசுர வாங்கறா.”

“பதினாறு மணி நேரமாச்சு. முட்டிக்கிட்டு வரலியா?”

“வரலீங்க. வந்தாத்தான கஷ்டம்?” என்று சொல்லிச் சிரித்தான். “மைன்ஸ்ல என் பேரே டேங்குங்க.”

அதன் பொருளை எழில்மதி அறிவாள். மண்வாரியின் முன்னே டிப்பர்கள் வரிசையில் நிற்கும். ஓட்டுநர் ஒருவன் சிறுநீர் கழிக்க இறங்கினால் பின்னால் நிற்பவன் ஒலிப்பானை அழுத்தியவாறே முந்திச் செல்வான். அன்றைய நடைகளில் ஒன்று குறையும். அதனினும் பெரிது கேலி. இறங்கியவனுக்கு ‘கொழா’ என்று பெயர் விழும். வாரம் முழுதும் அப்பெயர் நீங்காது. எட்டு மணி நேரமும் இறங்காதவன் ‘டேங்கு’. பதினோரு ஆண்டுகளாக அப்பட்டத்தை விஜயராஜ் எவனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அத்தகையவனிடம் போய்க் ‘கஷ்டம் இருக்கிறதா’ என்று திங்களன்று அவள் கேட்டிருந்தாள்.

மல்லாத்தி அடிவயிற்றில் கை வைத்தாள். தொப்புள் வரை பனங்காய்போல் உருண்டு கெட்டித்திருந்தது. அழுத்தியபோதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெல்ட்டு எட்டாமற்போனதன் காரணம் அதுவே.

“எழுந்து உக்காருங்க,” என்றாள். “இன்னிக்குக் கரண்டு கிடையாது.”

“ஏங்க?”

“முதுகுல சவ்வு பிதுங்கி நரம்புக் கத்தையை மொத்தமா நசுக்குது. காலுக்கும், ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுக்கும் அந்த நரம்புதான். வலி போனது குணமானதால இல்லை. வலியைச் சொல்ற நரம்பே பேசாம போச்சு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்.”

செந்தாமரை கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். விஜயராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டவாறு நிதானமாகச் சொன்னான்: “சரிங்க. சனிக்கிழம மெடிக்கல் முடிச்சுட்டு, திங்கக்கெழம போறேன்.”

“திங்கக்கிழமை போனா நேரமாயிடும். அப்புறம் காலும் வராது, ஒண்ணுக்கும் டியூப்லதான் ஆயுசுக்கும்.”

“ஆயிடும்னு சொல்றீங்களா, ஆவலாம்னு சொல்றீங்களா?”

எழில்மதி பொய் சொல்ல விரும்பவில்லை. “ஆகலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அது கூடிக்கிட்டே போகும்.”

“அப்ப ரெண்டு நாளு தாங்கும்.” அவன் எழுந்து நின்றான். “முதுவுல கத்தி வெச்சா பெர்மனென்ட் போச்சுங்க. வயசு ஏறிகினே கெடக்குது. அடுத்த லிஸ்ட்டு எப்ப வருமோ, அதுல என் பேரு வருமோ. நீங்க குவார்ட்டர்ஸ்ல பொறந்தவங்க. ஒங்கப்பா பெர்மனென்ட். ஒங்களுக்கு இது தெரியாது. கரண்டு வெக்கலன்னா போங்க, மந்தாரக்குப்பத்துல வெக்கறாங்க.”

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. எழில்மதி பிறந்தது நகரியத்துக் குடியிருப்பில்தான். முப்பத்து நான்காண்டுகள் பணியாற்றிய அவளுடைய தந்தைக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமோ என்ற ஐயம் ஒரு நாளும் எழுந்ததில்லை.

தாஜ் பீவிதான் வழியை மறித்து நின்றார். “போ ராசா. சனிக்கிழம மெடிக்கல்ல கையில ஒரு டப்பாவக் குடுத்து மூத்திரம் புடிச்சாரச் சொல்வாங்கல்ல? அதுக்கு யார அனுப்பறதா இருக்கே, பொண்டாட்டியவா?”

விஜயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனினும் வாயிலை நோக்கி நடந்தான். நடக்கையில் வலது செருப்பின் முனை தரையில் உரசியது. எழில்மதி அந்த ஓசையைக் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க,” என்றாள். “பிரேக் மிதிக்கறப்ப, கால் பிரேக் மேல இருக்கறது பாக்காமலே தெரியுதா?”

அவன் நின்றுவிட்டான். பக்கத்துத் தையற்கடையில் இயந்திரம் ஓடி நின்றது.

“ஏய்யா, கேக்கறாங்க இல்ல?” என்றாள் செந்தாமரை.

“பாத்துதான் மிதிக்கிறேன்,” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. “ரெண்டு நாளா.”

“குனிஞ்சு பாத்தா?”

“குனிஞ்சு பாத்துதான்.”

“அய்யய்யோ!” என்று பதறினாள் செந்தாமரை. “வண்டிக்குப் பின்னால நின்னுகினு சிக்னலு காட்டறானே சிவப்பிரகாசம், அவன் ஒங்கூட ஒரே பஸ்ல வர்றவன்யா. அவன் பொண்டாட்டி என் பக்கத்துல குந்திகினு கொட்ட ஒடைக்கிறா. இன்னான்னு நெனச்சிகினு ஓட்டினே?”

நரம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாது. பிரேக்கைப் பற்றித் தெரியும். காலைக் குனிந்து தேடுகிறவன் வண்டி எடுக்கலாகாது என்பது, முதல் நாள் வண்டியேறிய போதே அவன் அறிந்துகொண்ட விதி. அவன் திரும்பி வந்து காத்திருப்போர் பெஞ்சில் அமர்ந்தான். அமர்ந்ததை அறியக் கையால் பெஞ்சைத் தடவிப் பார்த்தான்.

“வண்டியக் கூப்புடுங்க,” என்றான்.

தாஜ் பீவியின் தம்பி அப்துல் கபார் வாடகைக் கார் ஓட்டுபவர். பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். அதற்குள் எழில்மதி தொலைபேசியில் இருவரிடம் பேசி, புதுச்சேரியில் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராக அனுப்புவதென உறுதி செய்துகொண்டாள். பின்னர் ஒரு தாளில் நேரங்களைக் குறித்தாள்: கடைசியாகச் சிறுநீர் கழித்தது புதன் மாலை ஏழு மணி, உணர்வின்மை கண்டறிந்தது வியாழன் முற்பகல் பதினொன்று. எழுதி முடித்தபின் திங்களன்று நிரப்பிய படிவத்தைப் பார்த்தாள். அதையும் எழுதுவதா என்று சற்றே தயங்கினாள். பிறகு, ‘திங்களன்று சிறுநீர்க் கஷ்டம் உண்டா எனக் கேட்டதற்கு இல்லை என்றார், இருக்கைப் பகுதியின் உணர்ச்சி அன்று சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

புதுச்சேரியில் குழாய் செருகியபோது ஒன்றே கால் லிட்டர் சிறுநீர் வெளியேறியதாகச் செந்தாமரை பின்னர்த் தொலைபேசியில் சொன்னாள். இரவு எட்டு மணிக்கு அறுவை முடிந்தது. சனிக்கிழமை உடல்தகுதிச் சோதனையில் விஜயராஜின் பெயரை இருமுறை அழைத்தார்கள். பின்னர் அடுத்த பெயரை அழைத்தார்கள்.

எழில்மதி தன் படிவத்தில் ஒரு வரியைப் பேனாவால் அடித்து, ‘கடைசியாகச் சென்றது எப்போது? தானாக உணர்வு வந்ததா?’ என்று எழுதினாள். புதிதாக அச்சிடும் வரை பழைய படிவங்களிலும் அவ்வாறே திருத்திக்கொண்டாள்.

ஏழாம் வாரம் விஜயராஜ் மீண்டும் வந்தான். கையில் ஊன்றுகோல் இருந்தது. வலது பாதம் தொங்காதிருக்க உறை மாட்டியிருந்தான். எழில்மதி அவனை இணைகம்பிகளின் நடுவே நிறுத்தி நடக்கவிட்டாள். குதிகால் ஊன்றினான், விரல்கள் இன்னும் முழுவதும் எழவில்லை.

“லிஸ்ட்ல எனக்கு அடுத்தது ராஜேந்திரனுங்க,” என்றான் நடந்தவாறே. “பெர்மனென்ட் ஆயிட்டான். வூட்டுக்கே வந்து ஸ்வீட் குடுத்துட்டுப் போனான்.”

“தின்னியா?” என்றார் தாஜ் பீவி.

“துன்னேன் பீவிக்கா. நல்லாத்தான் இருந்துச்சு.”

நடை முடிந்து அவன் படுத்தபின், கால் தசையில் பட்டைகளை ஒட்டிக்கொண்டே எழில்மதி கேட்டாள்: “திங்கக்கிழமை முதல்ல வந்தீங்களே, அன்னிக்கே அந்த மரப்பு இருந்துச்சா?”

விஜயராஜ் கூரையைப் பார்த்தான். “கொஞ்சமா இருந்துச்சுங்க. சீட்டு மரப்புன்னு நெனச்சிகினேன். நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.”

“நான் கேக்கலையே.”

“நீங்க கேக்கலதான்,” என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

எழில்மதி பெட்டியின் திருகை ஒரு புள்ளி கூட்டினாள். “தெரியுதா?”

“தெரியுது. எறும்பு ஊர்றாப்பல.”

அப்போது அவன் தலைமாட்டில் கிடந்த கைப்பேசி, டிப்பர் பின்னோக்கி வரும்போது எழுப்பும் ஒலியை அப்படியே எழுப்பிற்று. அறையில் இருந்தோர் திடுக்கிட்டனர். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, உந்துதல் இருப்பினும் இல்லாவிடினும், கழிப்பறைக்குச் சென்று அமர வேண்டுமென்பது மருத்துவர் கட்டளை. சிவப்பிரகாசந்தான் அவ்வொலியை வைத்துக்கொடுத்தானாம். விஜயராஜ் பட்டைகளைத் தானே கழற்றிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்து, பின்கட்டை நோக்கி மெல்லச் சென்று கதவைச் சாத்திக்கொண்டான்.

பெஞ்சில் காத்திருந்த கன்வேயர் தொழிலாளி ஒருவர் எழுந்து காலியான படுக்கையைக் காட்டினார். “இவரு வர்றதுக்குள்ள நான் ஏறிப் படுத்துடட்டுங்களா? ஷிப்டுக்கு நேரமாச்சு.”

“குந்துங்க. அவரு வரட்டும்,” என்றார் தாஜ் பீவி.

நெடுநேரம் ஓசையொன்றும் இல்லை. செந்தாமரை கதவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி இரண்டாம் முறை ஒலிக்கத் தொடங்கியபோது எட்டி அதனை நிறுத்தினாள். பிறகு கதவுக்கு அப்பால், முதலில் விட்டு விட்டும் பின்னர்ச் சீராகவும், அந்த ஓசை கேட்டது. தாஜ் பீவி தொட்டியிலிருந்து சூட்டுப் பை ஒன்றை எடுத்துத் துண்டில் இருமுறை சுற்றினார்; தம் புறங்கையை அதன்மேல் வைத்து, மனத்திற்குள் நொடிகளை எண்ணியவாறு நின்றார்.